முற்றத்துக் கோழியும் சங்கப் புலவரும்



இலக்கியத் தொடரொன்றில் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று தொடங்கினால், தவறுதலாக விவசாய நிகழ்ச்சியைத் திருப்பிவிட்டோமோ என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். நான் சொல்லப்போவது வகுப்பறையில் தொடங்கி, சங்க இலக்கியத்துக்குள் சென்று, என் வீட்டு முற்றத்தில் வந்து முடியும் ஒரு கதை. அதில் எனக்கேற்பட்ட ஒரு நட்டமும், என்னால் இன்னொருவருக்கேற்பட்ட ஒரு நட்டமும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். 305ஆவது பாடல் வந்தது. தலைவியின் துயருக்குக் குப்பைமேட்டில் போரிடும் கோழிகளை உவமையாக்கிய பாடல் அது. நான் உரை சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "சேர், கோழி ஏன் குப்பைக்குப் போகிறது? அது கூட்டுக்குள்தானே இருக்கும்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அருகில் பெரிய கோழிப் பண்ணையொன்று இருக்கிறது. நீண்ட கொட்டகைக்குள்ளே கம்பிக் கூடுகளில் ஆயிரக்கணக்கான கோழிகளை அவள் நாள்தோறும் பார்த்தவள். மண்ணில் நடந்து, காலாற் கிளறி, இரை பொறுக்கும் கோழியொன்றை அவள் பார்த்ததேயில்லை. ஆகவே அவளுடைய கேள்வி மிக நேர்மையானது. உவமையைச் சொன்ன புலவருக்கும் அவளுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகள் இருந்தன. அதனிலும் பெரிய இடைவெளியாக ஒரு கம்பிவலையும் இருந்தது.

அந்தப் புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கையாண்ட உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. குப்பைக்கோழியார் என்றே தமிழுலகம் அவரை அறியும். செம்புலப் பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று இவ்வாறு உவமையாற் பெயர்பெற்ற புலவர்கள் சங்கத் தொகைகளில் வேறும் உளர். ஒருவர் செம்மண்ணில் விழுந்த மழைநீரைக் கண்டார். ஒருவர் தேய்ந்த பழங்கயிற்றைக் கண்டார். இவர் குப்பைக் கோழியைக் கண்டார்.

என்ன கண்டார் என்பதே முக்கியம். கோழிப்போர் தமிழருக்குப் பழக்கமான பொழுதுபோக்கு. களத்தில் இறக்கும் சேவலுக்கு ஏவிவிடுவார் உளர். உயிர் போகுமுன் பிரித்தெடுப்பாரும் உளர். ஆனால் குப்பைமேட்டில் தாமாக மூண்டு சண்டையிடும் கோழிகளுக்கு ஏவுவாரும் இல்லை, விலக்குவாரும் இல்லை. அந்தச் சண்டை தானாக ஓய்ந்தால்தான் உண்டு. தன்னுடைய காமநோயும் அத்தகையதே என்கிறாள் தலைவி. அவன் வந்து அதைத் தீர்க்கமாட்டான்; அவளாற் போகவும் முடியாது. ஏவப்பட்ட போருக்கும் ஏவப்படாத போருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்க்கே இவ்வுவமை தோன்றும். அதை அறிய வேண்டுமானால், கோழிகளைத் திறந்துவிட்டுத் திண்ணையில் இருந்து பார்த்திருக்க வேண்டும். விலக்குவாரில்லாத நோய் என்ற இந்தக் கருத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

நம் முன்னோருக்கு முற்றத்துக் கோழி எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதற்கு இலக்கணமே சான்று. தொல்காப்பியத்து மரபியல், பறவையினங்களில் ஆண்பாலுக்குச் சேவல் என்ற பெயரைப் பொதுவாக வழங்கி, மயிலை மட்டும் விலக்கிவைக்கிறது. பெண்ணுக்குப் பேடை, பெடை என்னும் பெயர்கள் உள்ளன. ஆனால் கோழிப் பெண்ணுக்கு அளகு என்று தனியாக ஒரு சொல் உண்டு. அது கோழிக்கும் கூகைக்கும் உரியது. மயிலுக்கும் பொருந்தும் என்கிறது மரபியல். ஒரு பறவைக்கென்று தனிச்சொல் ஒதுக்கி, அது யாருக்கு உரியது, யாருக்கு ஆகாது என்று விதி வகுக்கும் அளவுக்கு அந்தப் பறவை மனிதரோடு வாழ்ந்திருக்கிறது.

அந்த அளகு என்ற சொல்லைப் பெரும்பாணாற்றுப்படையிற் காணலாம். மருதநிலத்து உழவர் வீட்டுக்குப் போகும் பாணனுக்கு வெண்ணெற் சோறும், மனையில் வளர்ந்த அளகின் வாட்டிய இறைச்சியும் கிடைக்கும் என்று வழிகாட்டுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இதே புலவர்தான் பட்டினப்பாலையையும் பாடியவர். அங்கே காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டு முற்றத்தில் உணவுத் தானியம் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. அதை விரட்டக் கையில் அகப்பட்டதை எடுத்தெறிகிறாள் ஒரு பெண். அகப்பட்டது அவளுடைய கனத்த காதணி. அந்தக் காதணி தெருவிற் கிடந்து, சிறுவர்கள் உருட்டி விளையாடும் மூன்றுகாற் சிறுதேரை மறிக்கிறது.

இப்பகுதியைப் பட்டினத்தின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகவே நாம் காலங்காலமாகப் படிப்பித்து வருகிறோம். அது சரியே. ஆயினும் நான் கோழி வளர்க்கத் தொடங்கிய பின்னர் அதே வரிகளில் வேறொன்றையும் கண்டேன். பொன் விளைந்த அந்த நகரத்திலும் கோழியைக் கட்டிவைக்கவில்லை. அது பக்கத்து வீட்டுத் தானியத்தைக் கொத்தத்தான் செய்தது. யாரோ ஒருவர் கையில் அகப்பட்டதை எறிந்து விரட்டத்தான் செய்தார். ஒரு புலவர் விருந்தாகவும் கண்டார், தொல்லையாகவும் கண்டார். அவர் கண்ட கோழி உண்மையான கோழி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முற்றத்திலிருந்து சற்றுக் காட்டுக்குப் போவோம். குறுந்தொகையின் 242ஆவது பாடலில் ஒரு காட்டுச் சேவல் வருகிறது. குழற்றத்தனார் பாடியது. அதன் கழுத்தில் ஒளிபொருந்திய புள்ளிகள் இருக்கின்றன; அக்கழுத்தின்மேல் குளிர்ந்த நீர்த்துளிகள் விழுகின்றன. நம் நாட்டுக் காட்டுக்கோழியை அறிந்தவர்கள் இதைப் படித்துக் குழம்பக்கூடும். இலங்கைக் காட்டுக்கோழி நமது தேசியப் பறவை. சிங்கள மக்கள் வலிகுகுளா என்பர். நக்கிள்ஸ் மலைக்காடுகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதைக் காணலாம். அதன் சேவலுக்குச் செம்பொன் நிற உடல், கருநீல வால், சிவந்த கொண்டையின் நடுவே ஒரு மஞ்சள் திட்டு. கழுத்திலே புள்ளி கிடையாது. அப்படியானால் புலவர் பிழையாகப் பார்த்தாரா? இல்லை. அவர் பார்த்தது வேறு பறவை. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகுகளில் வெண்மையும் மஞ்சளுமான சிறு புள்ளிகள் பதித்தாற்போல இருக்கும். பாட்டின் புள்ளியும் பறவையின் புள்ளியும் அப்படியே பொருந்துகின்றன.

இந்தப் புள்ளிக் கழுத்துக்காரனுக்கும் நம் வீட்டு முற்றத்துக்கும் ஓர் உறவு உண்டு. வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்பது டார்வின் காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருவது. ஆனால் பல வீட்டுக்கோழிகளின் கால்கள் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை என்றும், தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்றும் 2008இல் ஆய்வாளர் காட்டினர். உங்கள் முற்றத்தில் மஞ்சட்கால் கோழி நடக்குமாயின், குழற்றத்தனார் பாடிய பறவையின் சிறு பங்கொன்று அதனுள் நடக்கிறது என்று கொள்ளலாம்.

கோழி எப்படி மனிதனிடம் வந்தது என்பது பற்றியும் 2022இல் முக்கியமான ஓர் ஆய்வு வெளிவந்தது. உறுதியாக வீட்டுக்கோழியுடையவை எனக் கொள்ளத்தக்க மிகப்பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தில் பான் நொன் வாட் என்னுமிடத்திற் கிடைத்தவை. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்கிறது அது. மனிதர் காட்டோரத்தில் நெல்லும் தினையும் விதைத்தபோது, சிந்திய மணியைப் பொறுக்கக் காட்டுப்பறவை தானாக இறங்கி வந்தது என்பது அவ்வாய்வின் கருத்து. யாரும் அதை வலைவீசிப் பிடித்துக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. பட்டினப்பாலைப் பெண் காதணி எறிந்து விரட்டினாளே, அந்தக் குற்றத்தைச் செய்துதான் கோழி நம் வீட்டுப் பறவையாயிற்று.

இன்னொரு பாடலையும் சொல்லவேண்டும். குறுந்தொகை 157, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. விடியற்காலை கோழி கூவுகிறது. தலைவனோடிருந்த தலைவியின் நெஞ்சு நடுங்குகிறது. காதலரைப் பிரிக்கும் வாளைப்போல விடியல் வந்துவிட்டது என்கிறாள். வெளிச்சத்தைக் கண்டுதான் சேவல் கூவுகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், மாறாத மங்கல் ஒளியில் சேவல்களை வைத்துப் பார்த்தனர். விடியல் தெரியாத அந்த இடத்திலும் அவை தம் உள்ளிருக்கும் கடிகாரப்படியே கூவின. கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலிற் கூவும், மற்றவை வரிசைக்கிரமமாகப் பின்தொடரும் என்பதையும் அவர்கள் 2015இற் கண்டனர். ஆகவே நன்முல்லையாரின் தலைவி கேட்டது, வெளிச்சம் வருமுன்னரே வெளிச்சத்தை அறிந்த குரல். அவளுடைய அச்சத்துக்கு அது மேலும் பொருள் தருகிறது அல்லவா?

மலையகத்துக்கு வருவோம். தோட்டத்து லயங்களில், ஒரு காம்பராவும் இஸ்தோப்பும் மட்டுமே சொந்தமென்று சொல்லத்தக்க வாழ்க்கையில், கோழி ஒரு குடும்பத்தின் சேமிப்பாக இருந்தது. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரும்போது ஒன்று. மாடசாமிக்கோ முனியாண்டிக்கோ நேர்ந்துவிட்டது ஒன்று. கையில் காசில்லாத மாதக் கடைசியில் விற்பதற்கு ஒன்று. நிலம் இல்லாதவருக்கும் கோழி வளர்க்க முடிந்தது. ஏனெனில் கோழி தன் உணவில் ஒரு பங்கைத் தானே தேடிக்கொள்ளும்.

இதையெல்லாம் அறிந்திருந்தும், நான் கோழி வளர்க்கத் தொடங்கியது 2022இன் பிற்பகுதியிற்றான். அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கோழித்தீவனம் கிடைக்காமற் பண்ணைகள் முடங்கின. முட்டை அரிதாயிற்று. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. பல்லேகலவில் எங்கள் வீட்டின் பின்னால் ஒரு சிறு நிலத்துண்டு இருக்கிறது. அங்கே நான்கு பெட்டைகளும் ஒரு சேவலுமாகத் தொடங்கினேன். எல்லாம் ஊர்க்கோழிகள்.

பண்ணைக் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டைவரை இடும். ஊர்க்கோழி ஐம்பது, அறுபது இட்டாற் பெரிது. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அது அடை கிடக்கும். இருபத்தொரு நாள் முட்டைமேல் இருந்து, பிறகு குஞ்சுகளோடு மாதக்கணக்கில் அலையும். முட்டைக் கணக்குப் பார்ப்பவருக்கு அது நட்டம். ஆனால் அடை கிடக்கத் தெரிந்த கோழியே அடுத்த தலைமுறையைத் தானாகத் தரும். பண்ணைக் கோழியிடமிருந்து அந்தக் குணத்தை மனிதர் தெரிவுசெய்து நீக்கிவிட்டனர். ஆகையால் அதன் முட்டையைக் குஞ்சாக்க இயந்திரம் வேண்டும்.

வேலை என்ன என்று கேட்பீர்கள். காலையிற் கூட்டைத் திறக்கவேண்டும், மாலையில் அடைக்கவேண்டும். முதல் மாதத்தில் இது ஒரு வேலையா என்று எண்ணினேன். மாலையில் ஒருநாள் கூட்டம் முடிந்து தாமதமாக வீடு திரும்பினேன். கூட்டின் கதவு திறந்தபடியே இருந்தது. மரநாய் ஒரு பெட்டையைக் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து பொழுதுபடுமுன் வீட்டில் யாராவது ஒருவர் இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பகலிற் கீரி, மேலே பருந்து, முட்டைக்குச் சாரைப்பாம்பு. கூட்டை நிலத்திலிருந்து இடுப்பளவு உயர்த்தி, சிறுகண் கம்பிவலை அடித்தேன். குஞ்சுகளுக்கு முதல் மூன்று கிழமையும் கவிழ்த்த கூடையே காவல். குறுணலும் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் நான் கொடுப்பவை. பழைய சட்டியொன்றில் நனைந்த வைக்கோலும் சாணமும் இட்டுக் கறையான் புற்றருகிற் கவிழ்த்துவைத்தால், மறுநாள் குஞ்சுகளுக்குக் கறையான் விருந்து. மீதியை அவை கிளறித் தேடிக்கொள்ளும்.

ஓராண்டிற் பன்னிரண்டு கோழிகள் ஆயின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காண்பவரிடமெல்லாம், ஊர்க்கோழிக்கு நோயே வராது, மருந்தும் ஊசியும் பண்ணைக் கோழிக்குத்தான் என்று சொல்லிவந்தேன். யாரிடம் கேட்டு அப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. இயற்கையாக வளர்வது எதற்கும் தீங்கு நேராது என்ற எண்ணம் புத்தகம் படிக்கும் நம்போன்றோரிடம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு காலை, பெட்டையொன்று இறகைத் தளர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எச்சம் பச்சையாகக் கழிந்தது. மறுநாள் அது இறந்தது. இன்னும் இரண்டு அவ்வாறே நின்றன. ஒன்றின் கழுத்து முறுகிப் பின்புறமாகத் திரும்பிவிட்டது. நான் செய்யவேண்டியது கால்நடை வைத்தியரிடம் ஓடுவது. நான் செய்ததோ வேறு. நன்றாயிருந்த இரண்டு கோழிகளையாவது காப்பாற்றலாமென்று அவற்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். சிங்களப் பெண்மணி. அவரை நாங்கள் ஆச்சி என்றே அழைப்போம். ஆச்சி என்பது தமிழிலும் உண்டு, சிங்களத்திலும் உண்டு. ஆகையால் எந்த மொழியில் அழைக்கிறோம் என்ற யோசனையே எங்களுக்கு வந்ததில்லை. அவரிடம் ஒன்பது கோழிகள். முட்டை விற்றுத்தான் அவருடைய மருந்துச் செலவு நடந்தது. "சில நாள் உங்கள் கூட்டில் இருக்கட்டும் ஆச்சி" என்றேன். "அதற்கென்ன சேர், விட்டுவிட்டுப் போங்கள்" என்றார்.

நான் கொண்டுபோன இரண்டும் ஏற்கெனவே நோயை வாங்கியிருந்தன. ஐந்தாறு நாளில் அது வெளிப்பட்டது. இரண்டு கிழமைக்குள் என்னுடைய கோழிகளும் இல்லை. ஆச்சியின் ஒன்பதும் இல்லை.

அது ராணிக்கெட் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாவிலும் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்ற ஊரிற் காணப்பட்டதால் நம் பக்கத்தில் அந்தப் பெயர். வந்தபின் மருந்தில்லை. வருமுன் தடுக்க மருந்துண்டு. கண்ணில் ஒரு சொட்டு. கால்நடை வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் ஒரு சொட்டு. குளிரூட்டி இல்லாத கிராமங்களையும் அது எட்டவேண்டும் என்பதற்காக, வெப்பந்தாங்கும் ஐ-2 என்ற தடுப்புமருந்தை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினர். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் முற்றத்துக் கோழிகளை அது காத்து வருகிறது. நான் இருப்பதோ கண்டிக்கு அருகில். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில் இருக்கிறது. அறிவு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அதைக் கேட்டறிய நான் ஒருநாளும் போகவில்லை.

அந்த நாட்களில் விடியற்காலையில் எங்கள் இரு வீட்டிலும் கூவல் இல்லை. ஆச்சி என்மீது கோபிக்கவில்லை; பேசவும் இல்லை. வேலியருகே கண்டாற் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். நான் கோழிகளின் விலையைக் கணக்கிட்டுப் பணம் கொண்டுபோனேன். முதலில் வாங்க மறுத்தார். பிறகு, "மருந்துக்கு வேண்டும் சேர்" என்று வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு சொல்லும் எனக்கு இன்றும் கேட்கின்றன.

அப்பொழுதுதான் குப்பைக்கோழியார் பாடலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அப்பாடலில் தலைவி தன் துயரை நோய் என்றுதான் சொல்கிறாள். தானாக ஓயும்வரை ஓயாத நோய்; விலக்குவார் இல்லாத நோய். இருபது ஆண்டுகளாக அதைப் படிப்பித்த எனக்கு, விலக்குவார் இல்லை என்ற சொல்லின் கனம் அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைவிக்கு விலக்குவார் இல்லாதது அவள் விதி. என் கோழிகளுக்கு விலக்குவார் இல்லாமற்போனது என் பிழை. நோயுற்றதை நோயில்லாததிலிருந்து விலக்கவேண்டிய இடத்தில் நான் இருந்தேன். விலக்காதது மட்டுமன்றி, நோயைக் கையில் ஏந்தி வேலியைத் தாண்டிக் கொண்டுபோயும் கொடுத்தேன்.

கோழியைத் திறந்துவிட்டு வளர்ப்பதென்றால் கைவிட்டு வளர்ப்பது என்று பலரும் கருதுகிறோம். நானும் அப்படித்தான் கருதினேன். உண்மையில், கூண்டுக்கோழியை வளர்ப்பவருக்குக் கம்பிவலை பாதி வேலையைச் செய்துவிடுகிறது. திறந்துவிட்டு வளர்ப்பவரோ அந்த வேலையையும் தாமே செய்யவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 தொடக்கம் பழைய வகை நெருக்கக் கூண்டுகளில் முட்டைக்கோழி வளர்ப்பது தடைசெய்யப்பட்டது. நல்ல காரியம். அதே ஐரோப்பாவில், பறவைக் காய்ச்சல் பரவும் மாரிகாலங்களில் வெளியே திரியும் கோழிகளையும் உள்ளே அடைக்கும்படி அரசாங்கங்கள் கட்டளையிடுகின்றன. 2021 நவம்பரில் பிரித்தானியாவில் அவ்வாறு நடந்தது. திறக்கத் தெரிந்தவருக்கு அடைக்கவேண்டிய நேரமும் தெரிந்திருக்கவேண்டும். காலையில் திறப்பதும் மாலையில் அடைப்பதுமான அந்தச் சிறு வேலைக்குள் இவ்வளவு பொருள் இருக்கிறது.

கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, மாதக்கணக்கில் வெறுமையாக விட்டோம். பழைய கோழிகளின் இறகும் எச்சமும் கிடந்த மண்ணைச் சுரண்டிப் புதைத்தோம். பின்னர் இரு வீட்டாருமாகச் சேர்ந்து புதிய குஞ்சுகள் வாங்கினோம். கால்நடை வைத்தியர் பணிமனைக்கு ஆச்சியும் என்னோடு வந்தார். ஒவ்வொரு குஞ்சாக அவர் பிடிக்க, நான் கண்ணுக்குச் சொட்டு விட்டேன். இப்பொழுது வேலியருகே என்னைக் கண்டால், சுகமா என்று கேட்குமுன் ஆச்சி கேட்பது, "சேர், மருந்து விட்டாச்சா?" என்பதுதான். என்னை அவர் முழுவதும் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் நம்பாதிருப்பதும் நல்லதே. அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் நாட்காட்டியில் திகதியைக் குறித்துவைக்கிறேன்.

நேயர்களே, உங்களில் எவராவது கோழி வளர்க்க எண்ணினால் நான் சொல்லக்கூடியது இவ்வளவே. கோழி வாங்குமுன் மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். வேலிக்கு அப்பால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; உங்கள் கோழி அவருடைய கீரைப் பாத்தியையும் கிளறத்தான் போகிறது. ஒன்று நோயுற்றால் அதை விலக்குங்கள். விற்கவும் வேண்டாம், எவருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பொழுதுபடுமுன் வீடு திரும்புங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நம் மாணவர்கள் சங்கப் பாடல்களை அறியாதிருப்பதற்குச் சொற்கள் பழையனவாகிவிட்டமை மட்டும் காரணமன்று. அச்சொற்கள் சுட்டிய பொருள்கள் அவர்கள் கண்ணிலிருந்து மறைந்து வருகின்றன. அளகு என்ற சொல்லுக்கு அகராதியிற் பொருள் காணலாம். அடைகிடக்கும் அளகு தன் முட்டையை அலகால் மெல்லப் புரட்டுவதை அகராதியிற் காணமுடியாது.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சென்ற ஆண்டு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தியைச் சொல்ல அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேசிக்கொண்டிருக்கையில் பின்புறத்தில் இளஞ்சேவல்கள் இரண்டு கழுத்திறகைச் சிலிர்த்துக்கொண்டு மோதத் தொடங்கின. ஆச்சி வீட்டுச் சேவல் ஒன்று, எங்களுடையது ஒன்று. அவள் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று நேரம் கழித்து, "சேர், இவற்றை யாரும் விலக்கமாட்டார்களா?" என்று கேட்டாள். எனக்கு முன்னரே வேலிக்கு அப்பாலிருந்து ஆச்சி கையில் ஈர்க்குமாற்றோடு வந்துகொண்டிருந்தார்.